காலிப் பை

"அம்மா, இங்க வாயேன்! பை காலியா இருக்குது!"

தென்றல் போட்ட சத்தத்தில், மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஜோதியம்மாள் இறங்கி வந்தாள். கட்டிலோரம் தொங்கிய சிறுநீர்ப் பையில் ஒரு சொட்டுகூட இல்லை.

"காலையில நான்தான்டி கொட்டினேன்."

"காலையில சரி. இப்ப மணி ரெண்டு. எப்பவும் இந்நேரத்துக்குப் பாதி ரொம்பியிருக்கும் இல்ல? ஒருவேள அப்பாவே அடக்குறாரோ?"

ஜோதியம்மாள் கட்டிலில் கிடந்த கணவரைப் பார்த்தாள். தேரடி வீதியில் சாமிப் படங்களுக்குக் கண்ணாடி பொருத்திக் கொடுத்தவர் ஆதிமூலம். மூளையில் ரத்தம் கசிந்து ஆறு மாதம் ஆகிறது. வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. சிறுநீர் முட்டுவதே தெரியாமல் போனதால் குழாய் போட்டுப் பை மாட்டிவிட்டார்கள். யாராவது பார்க்க வந்தால் பையைப் போர்வையால் மூடச் சொல்லி இடது கையால் சைகை காட்டுவார். பிறகு யாரையும் உள்ளே விடவே சம்மதிக்கவில்லை.

சென்னையில் அறை எடுத்துத் தங்கி, முப்பது நாள் ஆக்சிஜன் சிகிச்சை கொடுத்தார்கள். இரும்பு அறைக்குள் படுக்கவைத்து, காற்றழுத்தத்தை ஏற்றி, முகமூடி மாட்டுவார்கள்.

"எல்லாருக்கும் பலிக்கும்னு சொல்ல மாட்டேன்," என்றார் டாக்டர். "பலிச்சா, முட்டுற உணர்வு திரும்பும். அவரே உங்களுக்குக் காட்டுவார். இல்லன்னா கடைசிவரைக்கும் டியூப்தான்."

ஊருக்குத் திரும்பி ஒன்றரை மாதமாகியும் அவர் எதையும் காட்டவில்லை.

"ஆசை காட்டாதடி," என்றாள் ஜோதியம்மாள். "அந்தக் காத்தெல்லாம் வீணாப் போச்சின்னு மனச தேத்திக்கிட்டேன். இன்னொரு வாட்டி ஏமாற எனக்குத் தெம்பு இல்ல."

ஆதிமூலத்தின் இடது கை மெல்ல எழுந்து அடிவயிற்றைத் தட்டியது. பிறகு வேகமாக, மூன்று நான்கு முறை.

"இன்னாங்க... முட்டுதா? உங்களுக்குத் தெரியுதா?"

அவர் தலையை ஆட்டினார்.

ஜோதியம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"சொன்னேனா இல்லியா?" தென்றல் கைதட்டினாள். " அப்பாவே அடக்குறாரும்மா! அதான் பையில இறங்கல!"

"டாக்டருக்குப் போன் போடுடி."

"ஞாயித்துக்கிழம எடுக்க மாட்டாரு. நாளைக்கி டியூப் மாத்த ரேவதியக்கா வருவாங்க இல்ல, அவங்ககிட்ட சொல்லிக்கலாம்."

அவர் மறுபடியும் தட்டினார். ஜோதியம்மாள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடக்குங்க. இன்னும் கொஞ்சம் அடக்குங்க. பழகிடும்."

தென்றல் வேங்கிக்கால் முக்குக்கு ஓடி இளநீர் வாங்கி வந்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"குடிப்பா. ஜாஸ்தி ஊறினாதான் நல்லாத் தெரியும்."

வாயைத் திறக்கவைத்து ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினாள். அவர் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

"அப்பா அழுவுறாரும்மா."

"அழட்டும்டி. நமக்கு மட்டும்தான் சந்தோஷமா?" ஜோதியம்மாள் மலை தெரியும் ஜன்னலைத் திறந்து கும்பிட்டாள். "வர்ற பௌர்ணமிக்கு உங்கள வண்டியில வெச்சி கிரிவலம் தள்ளிக்கினு போறேன். பை இல்லாம."

"பதினாலு கிலோமீட்டர் தள்ள நீ இன்னா சின்னப் பொண்ணா? பாதியில நீ உக்காந்துக்குவ, அப்பாதான் உன்னத் தள்ளணும்."

ஆறு மாதத்தில் முதல்முறையாக அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

மறுநாள் காலை நர்ஸ் ரேவதி வந்தாள். தென்றல் வாசலிலேயே மறித்தாள்.

"அக்கா, டியூப்ப எடுத்துடலாம்! நேத்திலருந்து ஒரு சொட்டு இறங்கல. அப்பாவே அடக்கிக்கிறாரு!"

ரேவதி செருப்போடு உள்ளே ஓடினாள். விடியலில் நடுங்கினார் என்று போர்த்தியிருந்த இரண்டு போர்வைகளையும் விலக்கினாள். உடம்பு கொதித்தது. அடிவயிறு பானைபோலப் புடைத்திருந்தது. கூப்பிட்டுப் பார்த்தாள், கண் திறக்கவில்லை.

"ஆம்புலன்ஸுக்குப் போடு, சீக்கிரம்!" என்று கத்தினாள். பிறகு ஜோதியம்மாள் பக்கம் திரும்பினாள். "டியூப் உள்ள இருக்கிறவரைக்கும் யாராலயும் அடக்க முடியாதும்மா. அது பாட்டுக்கு இறங்கிக்கினே இருக்கணும். டியூப் அடைச்சிக்கிச்சி. நேத்தெல்லாம் உசுரு போற மாதிரி வலிச்சிருக்குமே... அவரு ஒண்ணுமே காட்டலியா?"

"காட்டினாரும்மா," என்றாள் ஜோதியம்மாள். "காட்டுறப்பல்லாம் நாங்க கைதட்டினோம்."