சிசிலிக்குப் போகாதேங்கோ

இத்தாலியின் சிசிலித் தீவுக்குப் போகிறவர்களைத் தடுப்பதற்கென்றே லண்டன் ஈஸ்ட் ஹாமில் ஒரு பலசரக்குக் கடை இருந்தது.

கடைக்காரர் விஜயரத்தினம் கோடைக்குக் கோடை அங்கே போய், நன்றாகக் கறுத்துத் திரும்புவார். வேறு யாராவது டிக்கெட் போட்டதாகச் சொன்னால் மட்டும், வெண்டிக்காயை நிறுத்துக்கொண்டே தொடங்கிவிடுவார். மொண்டெல்லோ கடலில் ஜெலிமீன். செஃபலு மணலில் குப்பை. தவோர்மினாவில் படி ஏறியே முழங்கால் போய்விடும்.

"பேசாமல் பக்கத்தில சவுத்தெண்டுக் கடற்கரைக்குப் போங்கோ."

நோர்பரியிலிருந்து சாமான் வாங்க வந்த யசோதினிக்கு இதைக் கேட்டுப் பற்றிக்கொண்டு வந்தது. காரில் ஏறியதும் புருஷன் நிஷாந்தனிடம் பொரிந்து தள்ளினாள்.

"இவர் மட்டும் குளிக்கலாம், நாங்கள் போனால் கடல் வத்திப்போகுமோ?"

காரணத்தையும் அவளே கண்டுபிடித்தாள். விஜயரத்தினத்தின் தம்பி பிரியந்தனுக்கு செஃபலுவில் பெரிய ஹோட்டல். கோட் சூட்டோடு அதன் வாசலில் தம்பி நிற்கும் படம் கடைக் கல்லாவுக்கு மேலே தொங்குகிறது. சனம் போனால் ஓசியில் தங்கிவிடுமாம், அந்தப் பயம்.

பிரியந்தனின் தாயில்லாப் பிள்ளை சுவர்ணா பெரியப்பா வீட்டில் வளர்ந்தவள். யசோதினியின் ஒன்றுவிட்ட அக்கா, விம்பிள்டன் கமலேஸ்வரியின் மகனுக்கும் அவளுக்கும் அடுத்த மாதம் கல்யாணம். ஹோட்டல்காரர் மகள் என்று ஊரெல்லாம் பேச்சு.

ரோஷத்துக்காகவே இருவரும் செஃபலு போனார்கள். கடல் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு ஜெலிமீனைக்கூடக் காணவில்லை என்பதில் யசோதினிக்குப் பரம திருப்தி.

மறுநாள், தலையில் தொப்பிகளை அடுக்கிக்கொண்டு, கை நிறைய மணிமாலையோடு ஒருவர் மணலில் வந்தார். இத்தாலியனில் கூவிக்கொண்டு வந்தவர், இவர்கள் தமிழ் பேசுவது கேட்டு நின்றுவிட்டார். கோட் சூட் இல்லை. மற்றபடி படத்தில் பார்த்த அதே முகம்.

கேட்காமலே சொன்னார். அந்த ஹோட்டலில் கோப்பை கழுவியது உண்மைதான். அது மூடிப் பல வருடம். படத்திலுள்ள சூட் மனேஜருடையது. அண்ணன் கோடைக்குக் கோடை வந்து, வெயிலில் கூடவே நடந்து தொப்பி விற்றுக் கொடுக்கிறார்.

"பிள்ளையின்ர கலியாணம் முடியட்டும் தங்கச்சி. பிறகு நானே சொல்லுறன்."

காசு வாங்க மறுத்து, சிவப்புப் பட்டியில் தன் கையால் மஞ்சள் மீன் தைத்த ஓலைத் தொப்பி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். யசோதினி அதை அப்போதே தலையில் வைத்துக்கொண்டாள்.

கல்யாணத்துக்கு முந்திய வாரம் கமலேஸ்வரி வீட்டில் பலகாரம் சுட்டார்கள். கல்யாணம் முடிந்த கையோடு எல்லோருமாய் சம்பந்தியின் ஹோட்டலுக்கு ஒரு நடை போனால் என்ன என்று ஒருத்தி கேட்க, மற்றவர்கள் யசோதினியைப் பார்த்தார்கள். போய் வந்தவள் அவள்தானே.

"போயிடாதேங்கோ," என்றாள் யசோதினி. "கடல் முழுக்க ஜெலிமீன். மணல் முழுக்கக் குப்பை. சவுத்தெண்டு திறம்."

கமலேஸ்வரி எண்ணெய்ச் சட்டியிலிருந்து தலை நிமிரவில்லை.

"ஓம், யசோ சொல்லுறது சரி. சம்பந்தம் பேச முதல் நாங்களும் போய்ப் பார்த்தனாங்கள். கூடாத இடம். ஒருத்தரும் போகாதேங்கோ."

யசோதினி மா எடுக்க ஸ்டோர் அறைக் கதவைத் திறந்தாள். கதவுக்குப் பின்னால், ஆணியில் ஒரு ஓலைத் தொப்பி தொங்கியது. சிவப்புப் பட்டி, மஞ்சள் மீன்.