அண்ணனின் மூன்று கடைகள்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அமெரிக்காவில், டேலி சிட்டியில் இருக்கும் கிறிஸ்பின், பிலிப்பைன்ஸில் இருக்கும் அண்ணன் ரொமுலோவை அழைத்துக்கொள்ள மனுப் போட்டு இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இருவருக்கும் தலை நரைத்த பிறகு, இப்போதுதான் முறை வந்தது. அண்ணன் குடும்பத்தைத் தாங்குவேன் என்று அவன் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு அவன் சம்பளம் போதாது. கட்டணத்துக்கும் டிக்கெட்டுக்கும் காரை விற்றாலும் காணாது.

“நேரா சொல்லிடுங்க. உங்க அண்ணன்தானே, கடிச்சா தின்னுடுவாரு?” என்றாள் மனைவி லுஸ்வி, மீன் வறுத்தபடி.

கிறிஸ்பின் போன் போட்டான். “அண்ணே, அந்த விசா விஷயம்...”

“டேய், கோவிச்சுக்காதே. நான் வரலே!”

“ஏண்ணே?”

“வருஷா வருஷம் பெட்டி பெட்டியா சோப்பும் டின் கறியும் அனுப்புனியே, அதை வச்சுக் கடை போட்டேன்டா. இப்ப மூணு கடை. மேயர் பொண்டாட்டியே என்கிட்டதான் சோப்பு வாங்குறா. இதையெல்லாம் விட்டுட்டு உங்க ஊரு மூடுபனியில வந்து நடுங்கவா? சத்தமாப் பேசு, கடையில ஒரே கூட்டம்!”

போனில் ஒரு சேவல் மட்டும் கூவியது.

கிறிஸ்பினுக்கு உயிர் வந்தது. அன்று மூன்று தட்டுச் சோறு சாப்பிட்டான்.

“பாவம், சொல்லத் தயங்கிக்கிட்டே இருந்திருப்பாரு!” என்றான்.

“இருக்கும், இருக்கும்” என்று லுஸ்வி மீனைத் திருப்பிப் போட்டாள். அவள் முந்தின நாளே ரொமுலோவிடம் பேசியிருந்தாள்.

ரொமுலோவுக்குக் கடை என்று ஒன்றுமே கிடையாது.