ஒன்றை மட்டும் விட்டுவிட்டு

"இன்டர்நெட்டா இது? ஆமை தோத்துடும்!" மேனேஜர் குதித்தார். "காலையில நான் பார்க்கிற பக்கம் ஒண்ணுதான் கண் மூடித் திறக்கிறதுக்குள்ள வருது. சர்வர்ல சேர்ந்த பழைய குப்பையைப் பூரா அழிங்க!"

சர்வரைப் பார்த்துக்கொள்வதால் ஆபீசே 'சர்வர் அக்கா' என்று கூப்பிடும் அவள் தலையாட்டினாள். எல்லாரும் பார்த்த பக்கங்களின் நகல்கள் சர்வரில் மலையாகக் குவிந்திருந்தன. அழித்தாள். மெமரியைக் கூட்டினாள். வேகம் பிய்த்துக்கொண்டு போனது.

பக்கத்து சீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். "ஒண்ணை மட்டும் விட்டுட்டீங்களேக்கா. உங்களோடதா?"

"மேனேஜரோடது. அவர் மனைவி எழுதின பக்கம். அந்தம்மா தவறின மறுவருஷமே அது இருந்த வெப்சைட்டை நடத்தினவங்க மூடிட்டாங்க. இந்த நகல்தான் மிச்சம். தினம் காலையில அவர் பார்க்கிறது இதைத்தான்."

"அவருக்குத் தெரியாதா?"

"உலகமே இன்னும் படிக்குதுன்னு நினைச்சிட்டிருக்கார். நினைக்கட்டும்."