மணியோசைக்கு ஆகாதவர்கள்

சேலையூர்ப் பள்ளிக்கூட ஹாலில் மணியோசை தியானம். வாசலில் நின்ற தொண்டர் ஒவ்வொருவரையும் விசாரித்தே உள்ளே விட்டார்.

"வலிப்பு, நெஞ்சுவலி உண்டா மாமி? மாசமா இருக்கறவங்களும் வேண்டாம். பெரிய மணி அடிச்சா வயிறு வரைக்கும் அதிரும்."

"எனக்கு வாயுத் தொல்லைதான்" என்றாள் பாலாம்பாள். "நாட்டுப்பொண்ணுக்குத்தான் மூணாம் மாசம். எட்டு வருஷம் கழிச்சு பகவான் கண்ணைத் திறந்திருக்கார்."

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பக்கத்தில் நின்ற மருமகள் வைதேகியும் சிரித்துவைத்தாள்.

பாலாம்பாள் வெளியே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு மருமகளை உட்காரவைத்தாள். "இங்கேயே இரு. சத்தம் கேட்டா தலைப்பால வயித்தை மூடிக்கோ."

வைதேகி எழுந்து செருப்பைக் கழற்றினாள்.

"எங்கேடி போறே?"

"நானும் உள்ளே வரலாம்மா. வெள்ளிக்கிழமையே கலைஞ்சுடுத்து."