உள்ளேன், டீச்சர்

உள்ளே வந்ததும் அந்த ஆள் செய்த முதல் காரியம், கதவைத் தாழ்ப்பாள் போட்டதுதான்.

மனநல ஆலோசகர் அம்மா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். வரவேற்பில் இருக்கும் பெண் வேறு சாப்பிடப் போயிருந்தாள்.

"கதவு திறந்தே இருக்கட்டுமே, சார்."

"வேண்டாம். நான் பேசறது வெளியே கேக்கக் கூடாது."

ஆறடி ஆள். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. உட்காரவே இல்லை. சுவரில் மாட்டியிருந்த பட்டங்களை எழுத்துக் கூட்டுகிற மாதிரி படித்தான்.

"இதெல்லாம் எப்போ வாங்கினீங்க?"

"ஸ்கூல் வேலையை விட்டப்புறம். முதல்ல இறையியல். பிள்ளைங்க வளர்ந்ததும் உளவியல்."

"அப்போ, ஏழாம் வகுப்பு எடுத்தப்போ ரெண்டும் இல்லை."

அம்மாவுக்குப் பகீரென்றது. "நீ... என்கிட்ட படிச்சியா?"

"பதினாலாம் நம்பர். அட்டெண்டன்ஸ் எடுக்கறீங்க. 'உள்ளேன், டீச்சர்'னு எழுந்து நின்னேன். நிமிர்ந்துகூடப் பாக்கலை. 'நீ இருந்தா என்ன, இல்லாட்டி என்ன'ன்னுட்டீங்க. கிளாஸே கொல்லுனு சிரிச்சுது."

அம்மாவுக்கு அப்படிச் சொன்ன ஞாபகமே இல்லை. அன்றைக்கு வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சலோ, கணவரோடு சண்டையோ, யார் கண்டது! அதற்காக முப்பது வருஷம் கழித்துத் தேடிக்கொண்டா வருவான் ஒருத்தன்?

அவன் கை தோள்பைக்குள் போனது.

கடவுளே! படித்த படிப்பு ஒன்றும் கை கொடுக்கவில்லை. மேஜைமேல் இருந்த போனை எடுக்கப் போனார்; அவசரத்தில் அது கை நழுவிக் கீழே விழுந்தது.

"தப்புதான்ப்பா. மன்னிச்சுடு. என்னை ஒண்ணும் பண்ணிடாதே!"

"ஐயோ, என்ன டீச்சர் இது!" அவன் பதறிப்போனான். பைக்குள்ளிருந்து வந்தது மடித்த ஒரு காகிதம். குழந்தை வரைந்த படம். அப்பா, அம்மா, ஒரு நாய்க்குட்டி.

"நேத்து என் பொண்ணு இதைத் தூக்கிட்டு ஓடி வந்தா. ஏழு வயசு. நான் ஆபீஸ் வேலையில மூழ்கியிருந்தேன். 'அப்பா, இதுல நானும் இருக்கேன், பாருங்க'ன்னா. பாக்காமலே, நீங்க அன்னிக்குச் சொன்னதை அப்படியே சொல்லிட்டேன்."

படத்தை மேஜைமேல் விரித்தான். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் காகிதம் கிழிகிற அளவுக்கு ரப்பர் போட்டுத் தேய்த்திருந்தது.

"காலையில பாத்தா, தன்னை மட்டும் அழிச்சு வச்சிருக்கா. எனக்குப் பயமா இருக்கு, டீச்சர். வெளியே அவ அம்மாவோட உக்காந்திருக்கா. கூப்பிடட்டுமா?"