ஜூனில் விழுந்த முடிச்சுகள்

அண்ணன் வெளியூர் வேலைக்கு ரயிலேற இன்னும் நான்கு மணி நேரம் இருக்கிறது. ஜன்னல் வெயிலில் அண்ணி அவனுக்கு முடிச்சுத் தையல் கற்றுக்கொடுக்கிறாள். அவள் தைக்கும் துணி நாட்காட்டியில், அவன் வீட்டுக்கு வரும் நாட்களில் மட்டும் சிவப்பு முடிச்சு விழ வேண்டும். மே வரை மாதத்துக்கு இரண்டே இரண்டு. நூலை ஊசியில் இருமுறை சுற்றி, நாக்கைக் கடித்துக்கொண்டு இழுக்கிறான். “இது முடிச்சா, மூட்டைப்பூச்சியா?” என்கிறாள் அண்ணி. அவன் நாட்காட்டியின் ஜூன் மாதத்துக்கு வந்து, முதல் வரிசையில் ஒரு தேதி விடாமல் முடிச்சுப் போடுகிறான். “கத்துக்கிட்டது மறந்திடும்னு மாசம் பூரா போடுறீங்களா? பிரிங்க,” என்று சிரித்தபடி கத்தரிக்கோலை நீட்டுகிறாள். அவன் அதை வாங்காமல் அடுத்த தேதியில் ஊசியைக் குத்துகிறான். “உள்ளூருக்கே மாத்தல் வந்திடுச்சு. ஜூன்லேருந்து தினமும் வீட்டுலதான்.”