செம்பாயிக்கு ஒரு செருப்பு

கோத்தா திங்கி செம்பனைத் தோட்டத்து மேட்டில், ஒரு மரத்தடி நிறைய ஒற்றைச் செருப்புகள் கிடந்தன.

“எதுக்கும்மா இதெல்லாம்?” என்று கேட்டார் தம்போய் நகரிலிருந்து வந்திருந்த குணாளன்.

“காணிக்கை தம்பி. தொலைஞ்ச செருப்பைத் தேடி அலையிற பேய், செம்பாயி. நாங்க சாமியா கும்பிடுறோம்,” என்றாள் பூசை வைக்கும் அங்கம்மா.

“பேயெல்லாம் சும்மா கதைம்மா.”

“அலமாக், அப்படிச் சொல்லாதீங்க! போன வருஷம் அவ பூசைக்குன்னு லயத்து வீட்டுச் சனமே மேல ஏறி வந்துச்சு. அந்த நேரம் பார்த்து ஆறு பொங்கி, கீழ வீடெல்லாம் முங்கிப்போச்சு. ஒரு உயிர்கூடப் போகலை.”

செம்பாயி, குணாளன் எழுதிய பேய்க்கதையில் வரும் வெறும் கற்பனை. அதைச் சொல்லிவிடத்தான் கதை வந்த பத்திரிகையோடு வந்திருந்தார்.

பத்திரிகையைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. கீழே கழற்றி விட்டிருந்த தன் செருப்பில் ஒன்றை எடுத்துவந்து, இரண்டு கையாலும் மரத்தடியில் வைத்தார்.